துலுக்காணத்தின் காது

அறுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில் பழவேற்காட்டு ஏரி கையை விரித்துவிட்டது. துலுக்காணத்தின் வலையில் விழுந்தது ஒரே ஒரு பேத்தை மீன். அது விஷமென்று செங்கம்மாளுக்குத் தெரியாதா? குடலையும் சினையையும் எறிந்தால் போதும் என்று நினைத்துக் குழம்பு வைத்து, அத்தனையையும் புருஷன் தட்டிலேயே போட்டாள்.

சற்று நேரத்தில் அவனுக்கு உதடு மரத்தது. பிறகு நாக்கு, கை, கால். இமைகூட அசையாமல் கிடந்தவனின் தலைமாட்டில் நின்றே தன் தம்பி சேகரிடம் சொன்னாள்: "இது இனிமே தேறாதுடா. இவங்க அண்ணங்காரன் வந்து வலையைத் தூக்கினு போறதுக்குள்ள நீ எடுத்துக்கோ."

சேகர்தான் மனசு கேட்காமல் வண்டி கட்டி, பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். மறுநாள் துலுக்காணத்தின் விரல் அசைந்தது.

"மூளையில நரம்புங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கினுதாம்மா இருந்திச்சு," என்றார் டாக்டர். "அந்தச் சேதி கை காலுக்குப் போவாம விஷம் வழியை அடைச்சிடுச்சு. நெனப்பு தப்பியிருக்காது. பேசினதெல்லாம் காதுல விழுந்திருக்கும்."

கொட்டிய சொல்லை அள்ள முடியுமா? செங்கம்மாள் அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வீடு திரும்பிய துலுக்காணம் ஒரு வார்த்தை திட்டவில்லை. வலையின் கிழிசலைப் பொறுமையாகப் பின்னி முடித்து, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினான்.

"ஒடம்பு தேறவே இல்ல, எங்க போற?"

"சேகர் ஊட்டுக்கு. நீ சொல்லியும் அவன் வலையை எடுத்துக்கினு போவலியே."