ஏரி தாங்குமா என்று ஆரினைக் கேட்டால்

ஆரின் ஸ்காக் என் பெரியம்மா மகன். வடக்கு மினசோட்டாவில் எங்கள் ஏரிக்கரையில் பிறந்து, அங்கேயே படகு எஞ்சின் பழுது பார்த்துப் பிழைத்தவர். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதன்மேல் வண்டி ஓட்டலாமா என்று ஊர் அவரைத்தான் கேட்கும். துளை போட்டுப் பார்ப்பார், குதிகாலால் தட்டுவார், அப்புறம் வானத்தைப் பார்ப்பார். “தாங்கும்” என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் ஊர் ஆங்கிலத்தில் அப்படி அடித்துப் பேசுவது மரியாதைக் குறைவு. கல்யாணத்தில் பாதிரியார் சம்மதம் கேட்டபோதே, “செய்யலாம்னுதான் நினைக்கிறேன்” என்றவர். அண்ணி அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்.

அவர் “தாங்கணும்” என்றால் லாரியையே இறக்கலாம். “தாங்கலாம்” என்றால் நடந்து போகலாம், கையில் கயிறு இருந்தால் நல்லது. “தாங்கினாலும் தாங்கும்” என்றால் வீட்டுக்குப் போய்க் காப்பி குடிக்க வேண்டியதுதான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அவர் தங்கை வெர்னாவைக் கட்டிய டெல்பர்ட், ஏரி உறைந்தே பார்க்காத டெக்சாஸ்காரன். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், ஏரிமேல் உட்கார்ந்து மீன் பிடிக்க ஒரு குடிசை செய்தான். அடுப்பு, புகைக்குழாய் எல்லாம் உண்டு. மார்ச்சில் வெயில் ஏறி, உறைந்த ஏரி இளகத் தொடங்கியது. மற்றவர்கள் தங்கள் குடிசைகளைக் கரைக்கு இழுத்துவிட்டார்கள். இவனுடையது மட்டும் நடு ஏரியில் நின்றது.

“மச்சான், பிக்கப்பை இறக்கி இழுத்துட்டு வந்துடவா? தாங்குமா?”

“தாங்கினாலும் தாங்கும்.”

“அது போதும் எனக்கு.”

ஆரின் மேற்கொண்டு பேசவில்லை. அவர் கணக்கில் அவர் கத்திச் சொல்லியாயிற்று.

டெல்பர்ட் சங்கிலி எடுக்க வீட்டுக்குப் போனான். நடந்ததைக் கேட்ட வெர்னா வாணலியைக் கீழே வைத்தாள்.

“போனா நீ செத்துடுவன்னு சொல்லியிருக்கார் உனக்கு.”

“அப்படி ஒரு வார்த்தைகூட வரலையே. நான் பக்கத்துலதான நின்னேன்?”

அவன் வாசலைத் தாண்டியதும் வெர்னா அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, அவன் கிளம்பிட்டான்.”

“நான்தான் சொன்னேனே.”

“அவனுக்குப் புரியலண்ணா.”

“இதுக்கு மேல எப்படிம்மா சொல்றது?”

ஆனாலும் போனார். ஏரிக்குள் இறங்கும் சரிவில் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி எஞ்சினை அணைத்தார். டெல்பர்ட் வந்து கண்ணாடியைத் தட்டினான்.

“வண்டிய எடுங்க மச்சான்.”

“எடுக்கலாம்.”

எடுக்கவில்லை.

“ஏன், ஸ்டார்ட் ஆகலையா?”

“ஆகாமலும் இருக்கலாம்.”

டெல்பர்ட் டெக்சாஸ் பாணியில் சில வார்த்தைகள் சொன்னான். ஆரின் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி நீட்டினார். வேண்டாம் என்றான். மறுபடி நீட்டினார். கடைசியில் ஏறி உட்கார்ந்து குடித்தான். இருவரும் குடிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் கையால செஞ்சது அது.”

“மோசமில்ல,” என்றார் ஆரின். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது.

மதியத்துக்கு மேல் குடிசையின் ஒரு மூலை இறங்கியது. பிறகு புகைக்குழாய் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

டெல்பர்ட் கப்பைத் திருப்பிக் கொடுத்துக் கேட்டான். “நான் போயிருந்தா?”

“நனைஞ்சிருக்கலாம்.”

சாவியைத் திருகினார். வண்டி முதல் திருகிலேயே கிளம்பியது.

வீட்டில் வெர்னா கதவைத் திறந்தாள்.

“போகலையா?”

“உங்கண்ணன் வண்டி குறுக்க நின்னுச்சு.”

“அப்படியா,” என்றாள் வெர்னா.