பட்டாணிக் கறிக்கு ருசி சொன்ன சவ்வக்கா

நாற்பத்தாறு வயது வரை சவ்வக்கா வேலை நேரத்தில் உட்கார்ந்ததே இல்லை. இருபத்திரண்டு வருடம், அண்ணனின் கறிக்கடையில், தடுப்புக்குப் பின்னால் நின்றபடியே எலும்பு நீக்கினாள். முன்னால் தராசும் பேச்சும் அண்ணனுக்கு. பின்னால் கட்டையும் கத்தியும் இவளுக்கு. தொடைக்கறியின் மேலிருக்கும் சவ்வை ஒரே இழுப்பில், எங்கும் கிழியாமல், கண்ணாடித்தாள் போல உரித்து எடுப்பாள். அதில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் சவ்வக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

செடிகொடியிலிருந்து கறி செய்கிற நிறுவனம் ஒன்று நகரத்துக்கு வெளியே, தொழிற்பேட்டையில் வந்திருந்தது. பட்டாணி மாவு, காளான், பீட்ரூட் சாறு, தேங்காய் எண்ணெய் இவற்றை வைத்து ஆட்டுக்கறி மாதிரியே ஒன்றைச் செய்வதாகச் சொன்னார்கள். ருசி பார்க்க ஆள் வேண்டுமாம். கறியோடு பழகியவர்களாக இருந்தால் நல்லதாம். வாடிக்கையாளர் ஒருவர் விளையாட்டாகச் சொன்ன செய்தி. சவ்வக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அங்கே ஆறு கிண்ணங்களை வைத்து, தோன்றுவதை எழுதச் சொன்னார்கள். எழுதச் சோம்பல்பட்டு வாயாலேயே சொன்னாள். "இது முன்னங்கால். இது ரெண்டு நாள் குளிர்பெட்டியில கிடந்தது. இது கறியே இல்ல, யாரோ அட்டைப்பெட்டிய ஊறவச்சு வறுத்திருக்காங்க."

ஆய்வுக்கூடத்தை நடத்திய இளம்பெண்ணை எல்லோரும் டாக்டரம்மா என்றார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்த அட்டைப்பெட்டியைத்தான் நாங்க ஒரு வருஷமா தயாரிச்சோம்க்கா" என்றாள்.

"அட்டைன்னு பார்த்தா ஒரு குறையும் சொல்ல முடியாது."

அங்கேயே வேலை கிடைத்துவிட்டது.

அண்ணன் அன்று சாயங்காலம் கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டார். "புல்லைக் கறின்னு விக்கிறவன்கிட்ட போறியா? எங்கிட்ட கத்துக்கிட்டதை அவனுக்குக் கொண்டுபோய்க் கொட்டப் போறியா?"

"உங்ககிட்ட என்ன கத்துக்கிட்டேன்? நீங்க கல்லாவுல இருந்தீங்க. கத்துக்கிட்டது ஆட்டுக்கிட்ட."

"அப்ப இந்தக் கடைப்படி ஏறாதே."

"ஏறல. இந்தக் கடைக் கறி இல்லேன்னா இனி எந்தக் கடைக் கறியும் என் வீட்டு அடுப்புல ஏறாது. போதுமா?"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னால் சொன்னதுதான் என்று பெயர் எடுத்தவள். அன்றிலிருந்து வீட்டில் கறி இல்லை. பஸ் ஓட்டும் கணவர் வழியில் ஏதாவது ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "உன் நாக்குக்குச் சம்பளம் தர்றாங்களா?" என்று ஒருநாள் கேட்டார். "நான் இருபத்தஞ்சு வருஷமா அதை இலவசமா அனுபவிக்கிறேனே!"

ருசி பார்க்கும் அறையில் ஆளுக்கொரு தடுப்பு, ஆளுக்கொரு நாற்காலி. சக்கரம் வைத்த, முதுகு சாயும் நாற்காலி. நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்காதிருக்க சிவப்பு விளக்கு. எதிரே சின்னச் சன்னல், அது திறந்து தட்டு வரும். கிண்ணங்களின் மேல் பெயர் இருக்காது, மூன்றிலக்க எண்தான். கையால் தொடக்கூடாது, முள்கரண்டிதான். ஒரு துண்டு மெல்ல வேண்டும், துப்ப வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், உப்பில்லாத பிஸ்கட் கடிக்க வேண்டும், அடுத்தது. சுற்றிலும் கல்லூரி முடித்த பிள்ளைகள். அவர்கள் ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் போட்டார்கள். சவ்வக்கா பேசினாள்.

"கறின்னா பல்லுகிட்ட முதல்ல கொஞ்சம் முறைக்கணும், அப்புறம்தான் இணங்கணும். இது எடுத்த எடுப்பிலேயே கால்ல விழுது."

"கொழுப்பு நாக்குல தண்ணியா ஓடுது. ஓடக்கூடாது. உதட்டுல ஒட்டணும், ஒட்டுனது தெரியாம ஒட்டணும்."

"ரத்த வாடை வாயில வரக்கூடாதும்மா. முழுங்கினப்புறம் மூக்குக்குப் பின்னால வரணும். இரும்புச் சாவிய முகர்ந்து பாரு, அந்த மாதிரி."

டாக்டரம்மா உண்மையிலேயே ஒரு சாவியை முகர்ந்து பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் தட்டச்சு செய்தாள். இரண்டு வாரம் கழித்து அந்தக் குறை இல்லாமல் அடுத்த கறி வரும். இருபத்திரண்டு வருடத்தில் அண்ணன் ஒருநாள் கூட 'நீ என்ன சொல்ற' என்று கேட்டதில்லை. இங்கே இவள் சொல்லி முடிக்கும்வரை படித்த பெண் விரல்களை விசைப்பலகையின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சவ்வக்காவை வீழ்த்தியது சம்பளம் அல்ல, இதுதான்.

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் ஒப்புக் கிண்ணம் என்று ஒன்று வரும். அதில் நிஜ ஆட்டுக்கறி. அதை முதலில் மென்று, ருசியை மனதில் நிறுத்திக்கொண்டு, பிறகு மற்றவற்றைப் பார்க்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் மாதம் சவ்வக்கா அதை அப்படியே சன்னல் வழியாகத் திருப்பித் தள்ளினாள்.

"பிள்ளைங்களுக்குக் குடு. எனக்கு எதுக்கு? புருஷன் முகம் ஞாபகம் வர யாராவது போட்டோ பார்ப்பாங்களா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டு, அவள் தட்டில் மட்டும் ஒப்புக் கிண்ணத்தை நிறுத்திவிட்டாள். சவ்வக்காவுக்கு அது விருது கிடைத்த மாதிரி இருந்தது. அன்று கணவர் ஓட்டிய பஸ்ஸிலேயே வீடு திரும்பி, வழியில் அவரிடம் இரண்டு தடவை சொன்னாள்.

மூன்று வருடம் போனது. கறி அறுபத்து மூன்றாம் வகைக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் பலர் வேறு வேலைக்குப் போனார்கள். சவ்வக்காவின் ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. பழைய கடைக்குத் திரும்ப வழியில்லை. நிரந்தரம் ஆகிவிட்டால் அண்ணன் முகத்தில் விழிக்காமலேயே காலம் ஓடிவிடும்.

"பெரிய சோதனை ஒண்ணு வருதுக்கா" என்றார் மேலாளர். "அது முடியட்டும், உங்க நிரந்தரம் பத்திப் பேசலாம்."

சவ்வக்கா கணக்குப் போட்டாள். பொய்க்கறியைக் கண்டுபிடித்துவிட்டால் இன்னும் குறை இருக்கிறது என்று பொருள். குறை இருந்தால் அதைச் சொல்ல ஆள் வேண்டும். ஆள் வேண்டுமென்றால் நாற்காலி இருக்கும். எனவே கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

சோதனை அன்று காலையில் டீ கூடக் குடிக்கவில்லை. சன்னல் திறந்தது. மூன்று கிண்ணங்கள். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. வேறானது எது, அது நிஜமா பொய்யா என்று சொல்ல வேண்டும். இப்படி ஆறு தட்டு.

முதல் தட்டில் இரண்டாவது கிண்ணத்தை மென்றதுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு வெளிப்படையாகவா? மூன்றாவதையும் மென்று உறுதி செய்துகொண்டாள். "நடுவுல இருக்கிறதுதான் வேற. பட்டாணி" என்றாள் சத்தமாக. "மத்த ரெண்டும் ஆட்டுக்கறி, நல்ல தொடை. இதுல கொழுப்பு உதட்டுல ஒட்டல. ரத்த வாடை முன்னாடியே வந்து நிக்குது. பழைய குறையெல்லாம் திரும்ப வந்திருக்கும்மா, என்ன மாத்துனீங்க?"

ஆறு தட்டிலும் வேறானதைத் தயங்காமல் எடுத்தாள். ஆறிலும் அதுதான் பட்டாணி என்றாள். ஆறிலும் குறையைப் பட்டியலிட்டாள். சன்னலுக்கு அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனதைக் கூட அவள் கவனிக்கவில்லை. எழுந்து, நாற்காலியைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, மேலாளர் அறைக்குக் கம்பீரமாகப் போனாள்.

அங்கே கேக் வெட்டியிருந்தார்கள். மேலாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். டாக்டரம்மா மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறுக்கு ஆறு, அக்கா! வேறானதை ஆறு தடவையும் சரியா எடுத்தீங்க."

"தெரியும்."

"ஆனா நீங்க பட்டாணின்னு சொன்னது எல்லாமே நிஜக் கறி. நிஜம்னு சொன்னது எங்களோடது."

சவ்வக்கா சிரித்தாள். கேலி செய்கிறார் என்று நினைத்தாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவள் இன்னும் நிமிரவில்லை.

"நிஜம்னு சொல்றீங்களே, அது பச்சையா மிச்சம் இருந்தா கொண்டா" என்றாள்.

ஒரு தட்டில் வந்தது. உள்ளங்கை அளவு துண்டு. மூன்று வருடத்தில் முதல்முறையாகக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் தானாகவே நார் போகும் திசையைத் தேடிப்பிடித்தது. ஓரத்தில் ஒரு விரல்கடை சவ்வு விட்டிருந்தார்கள். நகத்தால் கிளப்பி இழுத்தாள். கிழியாமல் வந்தது. ஆடுதான். பின்தொடை, இளசு, நேற்று வெட்டியது. கை அடித்துச் சொன்னது.

"இதைத்தான் வேகவச்சீங்களா?"

"இதைத்தான்க்கா."

வெந்த துண்டு ஒன்றையும் கொண்டுவரச் சொன்னாள். வெளிச்சத்தில், கண்ணெதிரே, தெரிந்தே வாயில் போட்டு மென்றாள். கண்ணை மூடினாள். இன்னொன்று மென்றாள். பட்டாணி என்றது நாக்கு. இரண்டு விரல்களிலும் ஆட்டுக் கொழுப்பு பிசுபிசுத்துக்கொண்டிருக்க, நாக்கு அசையாமல் பட்டாணி என்றே சொன்னது.

"ஒப்புக் கிண்ணத்தை நிறுத்தினது நான்தான்க்கா" என்றாள் டாக்டரம்மா மெதுவாக. "உங்க ஞாபகத்தை நம்பினோம். நீங்க சொல்லச் சொல்ல மாத்தினோம். எங்க கறியும் உங்க ஞாபகமும் சேர்ந்தே நகர்ந்திருக்கு. ரெண்டும் ஆட்டைத் தாண்டிப் போயிருச்சு. இதுல உங்க தப்பு எதுவும் இல்ல."

"பின்ன யாருதும்மா? ஆட்டோடதா?"

மேலாளர் தொண்டையைச் செருமினார்.

"நிரந்தரம்?" என்றாள் சவ்வக்கா.

"ருசிக்குழுவையே முடிக்கிறோம்க்கா. அறுபத்து மூணாவது வகையை அப்படியே சந்தைக்கு அனுப்புறோம். இதுக்கு மேல மாத்த ஒண்ணுமில்ல. உங்களாலதான் வந்தோம், மறக்க மாட்டோம்." ஒரு தாளை நகர்த்தினார். "இது சின்ன விஷயம். பாக்கெட்ல உங்க படம் போடுறோம். 'இருபத்திரண்டு வருடம் கறி வெட்டியவருக்கே வித்தியாசம் தெரியவில்லை'ன்னு. சம்மதம்னு ஒரு கையெழுத்து."

"வித்தியாசம் தெரிஞ்சுது" என்றாள். "ஆறு தடவையும் தெரிஞ்சுது."

"அவ்வளவு நீளமா எழுத இடம் இருக்காதுக்கா."

அண்ணன் அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவளுக்கு இப்போதே கண்முன் தெரிந்தது. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் காட்டுவார். எதுவும் சொல்லக்கூட வேண்டியிருக்காது.

"போட மாட்டேன்" என்று தாளைத் தள்ளினாள். கொழுப்பு விரல் பட்ட இடத்தில் தாள் எண்ணெய்க் கறையாக ஊறியது.

"சேரும்போதே போட்டிருக்கீங்க" என்றார் மேலாளர். கோப்பைத் திறந்து காட்டினார். பதினோராவது பக்கம், அடியில், மூன்று வருடத்துக்கு முந்தைய அவளுடைய கையெழுத்து. புது வேலை கிடைத்த சந்தோஷத்தில், கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்துவிட்டிருந்தாள்.

"அப்ப இப்ப எதுக்குக் கேக்குறீங்க?"

"ஒரு மரியாதைக்குத்தான்க்கா."

டாக்டரம்மா எழுந்து, அவள் கை துடைக்க ஒரு காகிதத்துண்டை நீட்டினாள். சவ்வக்கா அதை வாங்கவில்லை. பிசுபிசுத்த விரல்களை விரித்தபடி, எதிலும் படாமல் பிடித்துக்கொண்டு, முழங்கையாலேயே கதவைத் தள்ளித் திறந்து வெளியே போனாள். கீழே பஸ் நிறுத்தத்தில் நின்றவள் ஒருமுறை அந்த விரல்களை உதட்டருகே கொண்டுபோனாள். பிறகு என்ன தோன்றியதோ, கையை இறக்கிப் புடவையில் துடைத்துவிட்டாள்.