அண்ணியின் சிவப்பு அட்டை

எங்கள் காரின் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு அட்டை தொங்குகிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மூலைகள் மழுங்கி, கிரீஸ் விரல்கள் பதிந்து, பாதி நிறம் போய்விட்டது. 'ஆள் வேலை செய்கிறார், இயக்காதீர்' என்று அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே பேனாவில் என் நாத்தனாரின் கையெழுத்து. ஐந்து வாரமாக அட்டை அங்கேயே தொங்குகிறது, காரும் எங்கள் பெரம்பலூர் வீட்டு வாசலில் இருந்து ஓரடி நகரவில்லை. "ஒரு அட்டைக்குப் பயந்து வண்டிய நிறுத்தி வெச்சிருக்கிற குடும்பம் ஊர்லயே நாமதான்" என்று என் கணவர் தினமும் காப்பி குடிக்கும்போது சொல்லிக்காட்டுகிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த அட்டையின் அருமை அவருக்கு எங்கே தெரியும்?

நாத்தனார் என் கணவருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஐ.டி.ஐ. படித்துவிட்டு, ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். அவர் கணவர் வெளிநாட்டில் இருந்ததால் அரியலூரில் பிறந்த வீட்டிலேயே இருந்து, ஆலை பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் எங்களுக்குள் "சாப்டியா", "சாப்டேன் அண்ணி" என்பதைத் தாண்டிப் பேச்சு வளர்ந்ததில்லை. சண்டையும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. அந்த வீட்டில் நான் எப்போதும் கடைசிப் பந்தி. பெரம்பலூரில் பள்ளிக்கூடம் முடித்து நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பொங்கல் பானை பொங்கி இறங்கியிருக்கும், குடும்பப் போட்டோ எடுத்து முடித்திருப்பார்கள். "நீ வர லேட்டாகும்னு ஆரம்பிச்சிட்டோம்" என்பார்கள். இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் எனக்கு வலிக்கத்தான் செய்தது.

கார் என் மாமனாருடையது. ஹெரால்ட் என்கிற அந்தக் காலத்து மாடல். இரண்டே கதவு வைத்த, நீல நிறக் குட்டிக் கார். அவர் இருந்தவரை பெண்கள் பின் சீட்டில்தான். ஸ்டியரிங்கில் மகள் கை வைத்தால், "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு" என்று கையைத் தட்டிவிடுவாராம். அவர் போன பிறகு கார் மாட்டுக் கொட்டாயில் இருபது வருடம் நின்றது. பின் சீட்டில் கோழி முட்டை போட்டது. புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டியது. ஒரு பொங்கலன்று என் கணவரின் அண்ணன் (வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியவர்) இலையில் உட்கார்ந்தபடியே அறிவித்தார். "சித்திரையில கொட்டாயப் பிரிச்சிட்டு வூடு கட்டப் போறேன். அந்த டப்பாவப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்." சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி கரண்டியை நிறுத்தினார்.

"ஓட வெச்சா?"

"அது தானா ஓடி கேட்டைத் தாண்டட்டும், நீயே வெச்சுக்க" என்று அவர் சிரித்தார். பந்தியே சிரித்தது. எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, "நானும் சேர்றேன் அண்ணி" என்று சொல்லிவிட்டேன். நான் அறிவியல் ஆசிரியை. பெட்ரோல் இயந்திரத்தின் நான்கு வீச்சுகளைப் பதினைந்து வருடமாகக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவள். பிஸ்டன் என்ற பொருளை நேரில் பார்த்ததே இல்லை!

அடடா, அந்த மூன்று மாதம்! சனி, ஞாயிறு விடிந்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. முதல் பஸ்ஸிலேயே அரியலூர். ஹெரால்டின் பானெட், மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாக மொத்தமாகக் கவிழும். கவிழ்த்துவிட்டால் ஆளுக்கொரு முன் டயரில் உட்கார்ந்து, நடுவில் இன்ஜினை வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம், கீரை ஆய்வதுபோல. சக்கரம் உருளாமல் இருக்க அண்ணி முட்டுக் கொடுத்த சுண்ணாம்புக் கல்லில் கிளிஞ்சல் அச்சுப் பதிந்திருந்தது. இன்ஜின் இறுகிக் கிடந்தது. பிளக் துளைகள் வழியாக டீசலையும் ஆயிலையும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டோம். அடுத்த சனிக்கிழமை டாப் கியரில் போட்டு இருவரும் முன்னும் பின்னும் தள்ளினோம். ஒன்றுமில்லை. மறுபடி தள்ளினோம். 'டக்' என்று உள்ளே எதுவோ விட்டுக்கொடுத்தது. அண்ணி அலறினார், நானும் அலறினேன். பால்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அன்றைக்குத்தான் அண்ணி என்னை முதன்முதலில் கட்டிப்பிடித்தார். என் புடவையில் அந்த கிரீஸ் கறை இன்னும் போகவில்லை.

நாங்கள் செய்த தப்புகளை எழுதினால் ஒரு நோட்டு போதாது. பெட்ரோல் டேங்குக்குள் ஜல்லியைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தோம். பிறகு அந்த ஜல்லியை எடுக்க ஒரு நாள் முழுக்க டேங்கைத் தலைகீழாகப் பிடித்து ஆடினோம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணி விளையாட்டுக்கும் இடம் தரமாட்டார். ஆலையில் ஓர் இயந்திரத்தில் கை வைக்கும் முன், வேலை செய்கிற ஆள் தன் சொந்தப் பூட்டை சுவிட்சில் போட்டு, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மாட்டியவர்தான் கழற்றவேண்டும். மேனேஜரே வந்து நின்றாலும் வேறு யாரும் தொடக்கூடாது. "கை ரெண்டுதான் குடுத்திருக்கான். போனா முளைக்காது" என்பார்.

எங்கள் காரின் சாவித் துளை உடைந்து கிடந்தது. இரண்டு ஒயரைச் சேர்த்தால் யார் வேண்டுமானாலும் கிளப்பிவிடலாம். அதனால் அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். இன்ஜின் பக்கத்தில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே ரோட்டர் என்று கட்டைவிரல் அளவுக்கு ஒரு கருப்புத் துண்டு இருக்கும். அது இல்லாவிட்டால் பிளக்குகளுக்குப் பொறி போகாது. வேலை செய்கிறவர் அதைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் தன் அட்டையைக் கட்டவேண்டும். "இதான் நம்ம பூட்டு" என்று என் பெயர் எழுதிய ஓர் அட்டையை என் கையில் கொடுத்தார். எனக்கு விருது வாங்கியதுபோல் இருந்தது.

கடைக்கால் தோண்ட வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். வியாழன் மதியத்துக்குள் கார் தானாகக் கேட்டைத் தாண்டவேண்டும், இல்லாவிட்டால் இரும்புக்காரர் லாரி வரும். அதற்கு முந்தைய ஞாயிறன்றே இன்ஜின் உறுமிவிட்டது, நீலப் புகையில் கொட்டாயே மறைந்தது. மிச்சமிருந்தது பின் சக்கரத்து பிரேக். அதை நான்தான் செய்தேன். அட்டையைக் கட்டி, ரோட்டரைக் கழற்றி, புது பிரேக் ஷூ மாட்டி, மாலைக்குள் முடித்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று ஓடியவள், அட்டையை அவிழ்க்கவும் இல்லை, ரோட்டரை மாட்டவும் இல்லை.

வியாழக்கிழமை காலை, தேர்வு அறையில் பேனாவுக்காகப் பையைத் துழாவினேன். விரலில் ரோட்டர் தட்டுப்பட்டது. அதே நேரம் அண்ணியின் போன். லாரி பத்து மணிக்கே வந்துவிட்டதாம். ஆலைக்கு லீவு போட்டுவிட்டுக் கொட்டாய்க்குப் போனபோதுதான் என் அட்டையைப் பார்த்தாராம்.

"அண்ணி, பிரேக் வேலை முடிஞ்சிடுச்சு. மறந்துட்டேன். என் அட்டைய அவுத்துட்டு நம்மகிட்ட இருக்கிற ஸ்பேர் ரோட்டர மாட்டி எடுத்துடுங்க."

"நீ வா."

"லாரி நிக்குது அண்ணி! நான் வர பன்னெண்டு ஆயிடும்."

"நிக்கட்டும். உன் அட்டையில நான் கை வெக்கமாட்டேன். போன்ல சொல்றதெல்லாம் செல்லாது. நீ வந்து எடு."

போனுக்குள் பெரியவரின் குரல் கேட்டது. "ஏன் இப்படி அடம் புடிக்கிற? ஸ்பேர் கையிலதான இருக்கு!" அதற்கு அண்ணி சொன்னதும் கேட்டது. "அவ பேரு போட்டிருக்குல்ல? அவ வரட்டும்."

தலைமையாசிரியையிடம் என்ன சொல்லி விடுப்பு வாங்கினேன் என்று நினைவில்லை. பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை, சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே போனேன். முன்னால் வரிசையாக சிமெண்ட் லாரிகள். ஒவ்வொன்றையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். கையில் ரோட்டரை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

கொட்டாய்க்கு ஓடினால், பானெட் கவிழ்ந்து கிடக்கிறது. முன் டயர்மேல் அண்ணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே அவர் அண்ணன் கோபத்தில் சிவந்து போய் நிற்கிறார். லாரி டிரைவர் மூன்றாவது டீயில் இருந்தார். மொத்தக் குடும்பமும் அங்கே நின்றது. அத்தனை பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

"வந்துட்டா பாரு" என்றார் அண்ணி, எழுந்திருக்காமலே.

என் அட்டையை அவிழ்க்கப் போனேன். முடிச்சு வரவில்லை. யாரும் உதவிக்கு வரவில்லை, அண்ணி வரவிடவில்லை. அவிழ்த்தேன். ரோட்டரை மாட்டி மூடியைப் போட்டேன். பானெட்டை இறக்கி, முட்டுக் கல்லை எடுத்தோம். அண்ணி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். ஒயரைச் சேர்த்தார். இருமியது. நின்றது. லாரி டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். மறுபடி சேர்த்தார். இருமி, உதறி, பிடித்துக்கொண்டது! மாமனார் தட்டிவிட்ட அந்தக் கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. கார் கொட்டாயை விட்டு இறங்கி, முற்றம் கடந்து, கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது. இறங்கியதும் அண்ணி வேண்டுமென்றே பிரேக்கை ஓங்கி மிதித்தார். கார் நட்டுவைத்த மாதிரி நின்றது.

"புடிக்குதுடி உன் பிரேக்கு!" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார். பின்னால் லாரி டிரைவர் கைதட்டினார், பெரியவர் திரும்பிக்கொண்டு செருமினார்.

அண்ணி ஓய்வு பெற்று, காரை எங்கள் வாசலில் விட்டுவிட்டு, இப்போது மகளோடு ஓசூரில் இருக்கிறார். ஐந்து வாரம் முன்பு வந்தவர் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வர, போட்டது போட்டபடி ஓடினார். கைப்பையில் ரோட்டரும் போய்விட்டது. பேத்தி பிறந்தபிறகு போனில், "ஸ்பேர மாட்டி ஓட்டிக்கயேன்" என்றார். "போன்ல சொல்றதெல்லாம் செல்லாது அண்ணி" என்றேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அண்ணி எங்கள் ஊர்ப் பாலக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாராம். "மாட்டிட்டு இன்னிக்கே ஒரு ரவுண்டு போவோம். பெட்ரோல் இருக்குல்ல?" என்கிறார். இருக்கிறது. காரைத் துடைத்தாயிற்று, கேட்டைத் திறந்தாயிற்று. என் கணவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஸ்டியரிங்கில் அட்டை இன்னும் அண்ணி கட்டிய முடிச்சோடு தொங்குகிறது. வரட்டும், அவர் வந்து அவிழ்க்கட்டும்.