அத்தை பிடித்த கொலைகாரன்

நேற்று டிவியில் ஒரு துப்பறியும் படம். கொலையாளி யாரென்று தெரிவதற்குள் கரண்ட் போய்விட, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிறுவயதில், குன்னூரில் எங்கள் தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் போட்ட படமும் இப்படித்தான் பாதியில் நின்றது. மண்சரிவால் கடைசி ரீல் வந்துசேரவில்லை. எல்லோரும் முனகியபோது என் அத்தை கம்பளியை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அந்த டாக்டருதானுங்க கொன்னது. மழையில நடந்து வந்தேன்னாரு, செருப்புல சேறே இல்லீங்களே!"

கூட்டமே கைதட்டியது. வாரம் முழுக்க அவளைப் 'போலீசம்மா' என்றே கூப்பிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு ரீல் வந்தது. கொன்றவன் சமையல்காரன். எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவள் அசரவில்லை.

"அப்ப டாக்டரு செருப்புல ஏனுங்க சேறில்ல?"

படம் ஓட்டியவர் உட்பட ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஃபேக்டரியே சிரிப்பில் அதிர்ந்தது. படத்தில் வந்த போலீஸ் தப்பான ஆளைப் பிடித்துவிட்டது என்று எங்கள் எஸ்டேட் ஒருமனதாக முடிவு செய்தது.