கூவிக்கொண்டே இறங்கினோம்

குரங்கணிக்கு மேலே ஏலக்காட்டில் வேலை பார்த்த எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சோலைக்குள் நடக்கும்போது முன்னால் போகிறவன் "கூ... ஓ..." என்று கூவிக்கொண்டே போக வேண்டும். ஆள் வருவது தெரிந்தால் யானை ஒதுங்கிக்கொள்ளும். கூவாமல் வருகிறவனைத்தான் மலையில் மரியாதை தெரியாதவன் என்பார்கள். அதே கூவலைப் போடித் தெருவில் விட்டால் கள் குடித்தவன் என்பார்கள்.

என் மனைவியின் தம்பி மலைக்காய்ச்சலில் இறந்தபோது, அவனைக் கம்பளியில் சுற்றி, மூங்கிலில் தூளி கட்டி இறக்கினோம். பொழுது சாய்வதற்குள் போடிக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். மகனின் முகத்தைப் பார்க்க என் மாமியார் காத்திருந்தார். மூங்கிலின் முன்முனை என் தோளில். பின்முனை என் மச்சான் தோளில். இறந்தவனுக்கு அண்ணன், கீழே சிலமலை ஊரில் வயல் பார்க்கிறவர், சேதி கேட்டு ஏறி வந்தவர், மலைக்குப் புதியவர்.

நான் முதல் கூவல் விட்டதும் அவர் நின்றுவிட்டார்.

"என்ன மாப்ளே, பொணத்தை வச்சுக்கிட்டு மொசல் வேட்டைக்குப் போற மாதிரி ஊளையிடுறீக? எல்லாத்துலயும் கேலிதானா?"

கேலிக்காரன் என்று எனக்குப் பேர். நான் தும்மினாலும் ஊரில் சிரிக்க ஆள் உண்டு.

"ஆனைக்கு மச்சான்" என்றேன். அவர் நம்பவில்லை. வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

ஓடைத் திருப்பத்தில் ஈற்றை மூங்கில் காடு மடமடவென்று முறிந்தது. என் வீரத்தைச் சொல்ல வேண்டும்: கால் ஓடத்தான் பார்த்தது. தோளில் அவன் கனம் இருந்ததால் நின்றேன். ஓடினால் அவனை யானைக் காலடியில் போட்டுவிட்டு ஓட வேண்டும். கூவ வாயைத் திறந்தேன். கிழிந்த துருத்தி மாதிரி காற்றுதான் வந்தது.

பின்னாலிருந்து ஒரு கூவல் எழுந்தது. வயலில் குருவி விரட்டிய குரல். மச்சான்தான். அதைக் கேட்டு என் குரலும் திரும்பி வந்தது. இருவரும் கூவினோம். முறிகிற சத்தம் மேட்டுக்கு ஏறி விலகிப்போன பிறகும் மச்சான் நிறுத்தவில்லை. அந்தக் கூவல் எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

குரங்கணியின் முதல் கூரை தெரிந்தபோதும் நான் பயம் தெளியாமல் கூவிக்கொண்டிருந்தேன்.

"போதும் மாப்ளே. ஊரு வந்துருச்சு."

அங்கிருந்து போடிக்கு மாட்டுவண்டியில். வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்ந்தோம். கட்டிப்போன என் தொண்டையைக் கேட்டு, "எம்புட்டு அழுதாரோ" என்றார்கள் பெண்கள். நான் மறுக்கவில்லை.

மாமியார் கம்பளியை விலக்கி முகத்தைத் தடவினார். "எம்புள்ளைய மரியாதையாக் கொண்டாந்தீகளாப்பா?"

மச்சான் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமாத்தா. ஒரு கொறையும் வைக்கல."