மோதிர விரலும் முதல் பஸ்ஸும்

மூன்று வருடத்துக்கு முந்தைய சித்திரை மாதம். அரசு வேலைக்கான தேர்வு ஒன்றை எழுதத் தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்திருந்ததால், எந்தக் காகிதம் வந்தாலும் நான் படித்துச் சொல்வதுதான் முடிவு. அது எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அம்மாவோடு உப்பளத்துக்குப் போனவள். அவள் போனதால்தான் நான் படித்தேன். வீட்டில் யாரும் இதைச் சொல்லிக்காட்டியதில்லை. அந்தக் கோடையில் அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பாத்தியில் உப்பு விளைந்து நிற்கிற நேரம், ஆள் குறைந்தால் ஆகாது. அதனால் ஒரு மாதம் அவளுக்குப் பதிலாக நான் போனேன். வெயிலுக்கு முன்னால் உப்பு வாரிவிட்டு வந்து, மத்தியானம் படிப்பேன்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஹால் டிக்கெட்டில் உள்ள விதிகளை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள், ஷூ போடக் கூடாது, வாசலில் விரல் ரேகை வைக்க வேண்டும் என்று என்னென்னவோ இருந்தது. அக்கா முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“ரேகை வைக்கணுமால?”

“ஆமா.”

“அப்பம் மொத பஸ்ஸுலயே போயிருவோம்.”

ஆறு மணி பஸ்ஸே தாராளம் என்றேன். அவள் தன்னையும் சேர்த்துக்கொண்டு ‘போயிருவோம்’ என்றதில் வேறு எனக்கு எரிச்சல். பட்டம் வாங்கியவன் பரீட்சைக்கு அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டா போவான்?

“ரேஷன் கடையில ரேகை வைக்க நான் படுத பாடு உனக்குத் தெரியாதுல. கடை தொறக்க முன்னாடி போய் நிக்கணும். கூட்டம் சேந்துட்டுன்னா, நம்ம வெரலுக்காவ எவன் காத்துக் கெடப்பான்?”

“அது ஓட்டை மிஷின்க்கா. இது கம்ப்யூட்டர்.”

“ஆமா, கம்ப்யூட்டரு வந்து ஒனக்குப் பதிலா உப்பு வாருச்சாக்கும்.”

தேர்வன்று அக்கா நொண்டிக்கொண்டே வந்து என்னை எழுப்பிவிட, முதல் பஸ்ஸான நாலே முக்கால் பஸ்ஸில் ஏறினோம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்திருந்தேன். அவளோ வல்லநாடு வருவதற்குள் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்து தூங்கிவிட்டாள். தேர்வு நடக்கும் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. வாட்ச்மேனைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

“நானே இன்னும் முழிக்கலியே தம்பி, அதுக்குள்ள வந்துட்டீயளே” என்றார் அவர். நான் அக்காவை முறைத்தேன். அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஏழரைக்கு வாசலில் மேஜை போட்டார்கள். ஒரு பெண் மிஷினை எடுத்து வைத்தார். வரிசையில் முதல் ஆள் நான். பெருவிரலை வைத்தேன், சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தேன், சிவப்பு. மற்ற கையிலும் அதே கதைதான்.

“என்ன தம்பி வேலை பாக்கீங்க? ரேகையவே காணோம்” என்றார் அந்தப் பெண்.

அப்போதுதான் என் விரல்களையே நான் சரியாகப் பார்த்தேன். ஒரு மாத உப்புத் தண்ணீரில் நுனியெல்லாம் வெளுத்து, தேய்ந்து, வழவழவென்று ஆகியிருந்தன. அந்த விதியை நான்தான் பத்துத் தடவை படித்தேன். ஆனால் அதை என் கையோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

“ரேகை விழாம உள்ள விட எனக்கு அனுமதி இல்ல தம்பி. நேரம் இருக்கு. கைய நல்லாக் கழுவிட்டு வாங்க.”

வெளியே வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடப் படிப்பு வாசலோடு போய்விடும் போலிருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்து, “விழலியோ?” என்று மட்டும் கேட்டாள். எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் ஒரு சொம்பில் வெந்நீர் வாங்கி வந்தாள். ரோட்டோரத்தில் உட்கார வைத்து, என் கையைச் சொம்புக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“போதும்க்கா.”

“இருல. ஊறணும். அவசரப்பட்டா வராது.”

இருபது நிமிடம் பிடித்திருந்தாள், நான் ஓடிவிடுவேன் என்பதுபோல. பிறகு முந்தானையால் துடைத்தாள். பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து, விரல் விரலாகத் தேய்த்து, மறுபடியும் துடைத்தாள்.

“பெருவெரல வைக்காத. உப்பு வாருத பலகையப் பிடிச்சிப் பிடிச்சி அது தேஞ்சிருக்கும். மோதிர வெரல வையி.”

எந்த விரல் முதலில் தேயும், எது கடைசிவரை மிஞ்சும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அத்தனை வருடங்கள் அவள் அந்த வேலையில் இருந்திருக்கிறாள்.

திரும்பிப் போனபோது வரிசை ரோடுவரைக்கும் நீண்டிருந்தது. “நீங்க மொத ஆளால்லா வந்தீங்க, வாங்க” என்று அந்தப் பெண் கூப்பிட்டார். மோதிர விரலை வைத்தேன். சிவப்பு. “பரவால்ல, அழுத்தாம வையுங்க” என்று அவரே என் விரலைப் பிடித்து வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். ‘போ போ’ என்று கையை ஆட்டினாள்.

மாடியில் என் இடம் ஜன்னலோரம். ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் ஒருவர் ஓடி வந்து வரிசையில் சேர்வது தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். சட்டைக் கையில் சிமெண்டுக் கறை. முறை வந்ததும் மிஷினில் விரலை வைத்தார், பேண்ட்டில் தேய்த்தார், திரும்ப வைத்தார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். என்னிடம் அவ்வளவு பொறுமையாக இருந்த அதே பெண், அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது, வரிசையில் இன்னும் பத்துப் பேர் நின்றார்கள். பிறகு கேட்டை மூடினார்கள். அந்த ஆள் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டுப் போனார்.

மத்தியானம் வெளியே வந்தேன். அக்கா வேப்ப மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“சரி, வா. பசிக்கி.”

சாப்பிடும்போது அந்த மனிதரைப் பற்றிச் சொன்னேன். ‘நான்தான் சொன்னேன்லா’ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, “அந்தப் பையங்கூட யாரும் வரலியோ?” என்று கேட்டாள்.

அந்தத் தேர்வில் தேறி, இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கே போனாலும் முன்னதாகவே போய் நிற்கிறேன் என்று நண்பர்கள் என்னைப் பாராட்டுவதுண்டு. அப்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிற பலரையும், வலிக்கிற முழங்காலோடு யாரோ ஒருவர் எழுந்து வந்து எழுப்பிவிட்டிருப்பார் என்று இப்போது எனக்குத் தெரியும்.