ஷெய்ஷெனின் எண்பத்து நாலு கிலோ

"தண்ணியைக் கறின்னு சொல்லி எனக்கு விக்கிறவன் இன்னும் பொறக்கலடா" என்று தோக்மோக் கால்நடைச் சந்தையில் ஷெய்ஷென் முழங்காத ஞாயிறு கிடையாது. ஷெய்ஷென் கசாப்புக்காரர். ஆட்டுக்கு உப்பை நக்கக் கொடுத்து, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து, எடையேற்றி ஓட்டிவரும் மகான்கள் அந்தச் சந்தையில் உண்டு. ஷெய்ஷென் தராசைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆட்டின் முதுகெலும்பில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. "இது ஆடில்லப்பா, குடம். கொண்டுபோய்ச் செடிக்கு ஊத்து" என்று தீர்ப்பாகிவிடும்.

சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்து, டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவர் தராசின் பக்தரானார். ஒவ்வொரு தடவையும் மெஷின் தேங்கிய நீரை இழுத்து, எண்பத்து நாலு கிலோவில் கொண்டுவந்து நிறுத்தும். அது அவருடைய பழைய எடை. சீக்கு வந்தும் ஒரு கிராம் கறி குறையவில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அறிவித்துவந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் வற்றிப்போவதைப் பார்த்துப் பெருந்தன்மையோடு அனுதாபப்பட்டார். எடையை இன்னும் கொஞ்சம் இறக்கலாமா என்று டாக்டர் ஜைனெப் கேட்டபோது, என் கறியை உருவ உனக்கு யார் உத்தரவு கொடுத்தது என்று கேட்டுவிட்டார்.

மூச்சு வாங்கியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. படுத்தால் முட்டியது. அடுக்கிய மெத்தைகளில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். இது வெளியே போகக் கூடாதென்று மனைவி கான்ஷாயிமிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

கான்ஷாயிம் நேரே போய் டாக்டரிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த முறை அவரைப் படுக்கவைத்து, டயாலிசிஸ் தொடங்கியபோது ஒருதரம் செய்ததுபோலவே கையிலும் காலிலும் ஒயர் ஒட்டினார்கள். உடம்புக்குள் உறைக்காத மின்சாரத்தை ஓடவிட்டு, தசை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் பெட்டியாம். படுத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு மூச்சுத் திணறியது. திணறலோடு மனைவியை முறைத்தார்.

"வீட்டுக்குள்ளயே ஒற்றன வச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கேன்."

"நீங்க எங்க தூங்குனீங்க? உக்காந்துல்ல இருந்தீங்க" என்றாள் அவள்.

டாக்டர் ஜைனெப் கட்டிலோரமாக வந்து நின்றாள். "அண்ணே, டயாலிசிஸ் ஆரம்பிச்சப்போ இதுல அளந்தோமே, அப்போ இருந்ததுல அஞ்சு கிலோ தசை போயிருச்சு. அந்த எடத்துல தண்ணி நிக்குது. அதான் தராசுக்குத் தெரியல. இப்படியே விட்டா நெஞ்சு தாங்காது."

கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீரை எடுத்து எடையை இறக்க வேண்டும், போன தசைக்குக் கறி சாப்பிட வேண்டும் என்றும் சொன்னாள். ஷெய்ஷென் எதையும் காதில் வாங்கவில்லை. துரோகிகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். சத்தியத்தை விழுங்கிய மனைவி. நோருஸ் பண்டிகைக்குத் தன் கையால் அடைத்த குதிரைக்கறிக் குடலைத் தின்று ஏப்பமும் விட்ட டாக்டர். ஆட்டை ஆயுளில் பார்த்திராத பெட்டி. மூன்றும் கூட்டுச் சேர்ந்து தன் பெயரைக் கெடுக்கின்றன என்று, உள்ளதிலேயே கேவலமான வார்த்தைகளில் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பெண்கள் இருவரும் வெளியே போனார்கள்.

யாருமில்லை. எழுந்து உட்கார்ந்து கால்சட்டையை மேலே சுருட்டினார். தொடையைப் பிடித்தார். பிடித்த பிடியில் எலும்பு சீக்கிரம் வந்தது. முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விழுந்த குழி விழுந்தபடியே இருந்தது. திட்டுவதற்கு ஆட்டுக்காரன் எவனும் எதிரில் இல்லை.

மெஷினை மாட்ட வந்த நர்ஸ், வழக்கம்போல எண்பத்து நாலுதானே என்று கேட்டாள்.

ஷெய்ஷென் கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"டாக்டரம்மா சொன்னதையே வைம்மா."